மாமி என்னைக் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் குழப்பம்தான். அச்சடிப்பவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் கதைக்கிறவனும் இல்லை. என் மனைவியைப் பார்த்த மிஸ்ஸி (தாதியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதால்தான் எழுதுகிறேன். “காக்கா, இந்த வருத்தத்தைப் பத்திப் பொம்பிளைகள் கதைப்பாங்க. வீட்டு ஆம்பிள ஒருத்தர் கதைச்சி நான் கேட்டதில்ல. கதைக்க வெக்கமெண்டா எழுதுங்க,” என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், வருத்தம் என்றால் நோய்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் பெரிய வீதியோரம் எனக்கு டயர் ஒட்டும் சிறிய கடை இருக்கிறது. நஸீமாவைக் கலியாணம் முடித்துப் பல வருடமாகிறது. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. மூன்றாவது தங்கியபோது அவள் நாற்பதை நெருங்கியிருந்தாள். நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

முதல் அறிகுறி ஒரு மோதிரம். வுளூச் செய்யும்போது (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) மோதிரத்தைத் திருப்பி அதன் அடியில் தண்ணீர் படச் செய்வது நஸீமாவின் வழக்கம். ஒரு நாள் மோதிரம் திரும்பவில்லை. சவர்க்காரம் போட்டும் அசையவில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தால் விரல் வீங்கத்தான் செய்யும் என்று மாமி (நஸீமாவின் தாய்) உள்ளேயிருந்து சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அடுத்த கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்தது. பிரஷர் என்றால் இரத்தம் ஓடும்போது குழாயின் சுவரை அழுத்தும் விசை. சிறுநீரில் புரதமும் போனது. இரண்டும் சேர்ந்தால் தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்கும் ஆபத்து என்று டொக்டர் விளக்கினார். நான் தலையாட்டினேன். எனக்கு அது டயர் கணக்கில்தான் விளங்கியது. காற்றுக் கூடினால் டயர் ஒன்றும் சொல்லாது. வெடிக்கும்போதுதான் சொல்லும்.

குளிசை (மாத்திரை) தந்தார்கள். தினமும் பிரஷர் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வார்டில் தங்க வேண்டும் என்றார்கள். கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பார்க்கும் எங்கள் பகுதி மருத்துவ மாதுவுக்கு நிறைய வீடுகள் இருப்பதால் தினமும் வர ஏலாது. அவர்தான் ஓய்வுபெற்ற ஒரு மிஸ்ஸியை அறிமுகப்படுத்தினார். காரைதீவுக்காரர். காலையில் ஸ்கூட்டரில் வருவார். முதல் நாள் அந்த மோதிரத்தைப் பார்த்தார். நான் கடையிலிருந்து இரும்பு அறுக்கும் வாளை எடுத்து வந்து நின்றேன். “டயர் கழட்ட வந்தீங்களா காக்கா?” என்று சிரித்துவிட்டு, தையல் நூலை விரலில் இறுக்கிச் சுற்றி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அதனால் மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஆனால் மரியாதைக்காக நேரே கதைக்க மாட்டார்கள். இப்போது பல வீடுகளில் அது தளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் தளரவில்லை. மாமி பழைய ஆள், நான் கூச்சக்காரன்.

நான் சாப்பிடும்போது மாமி திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, “புள்ள, மருமகனுக்கு மீன் காணுமா எண்டு கேளு,” என்பார். எனக்கு அது நன்றாகக் கேட்கும். “காணுமெண்டு செல்லு,” (போதும் என்று சொல்லு) என்பேன் நான். அதுவும் மாமிக்குக் கேட்கும். நஸீமா வாயே திறக்க மாட்டாள். ஆனால் அவள் அங்கே இருக்க வேண்டும். அவள் இல்லாவிட்டால் எனக்கு மீன் காணுமா காணாதா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மிஸ்ஸி வந்தால் நான் முற்றத்துக்குப் போய் வாசல் கேட் பக்கத்தில் நின்றுவிடுவேன். பெண்கள் சமாச்சாரம் என்று விலகி நிற்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. சில நாள் பார்த்துவிட்டு மிஸ்ஸி, “இவர் வீட்டுக்காரரா, ஓட்டோக்காரரா? எந்த நேரமும் கேட்டடியில நிக்கிறார்,” என்று மாமியிடம் கேட்டாராம். நஸீமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த நாளிலிருந்து மிஸ்ஸி அறைவாசலில் கதிரை போட்டு என்னை இருத்தினார். பிரஷர் மெஷினின் பட்டியைக் கையில் சுற்றவும் அதன் இலக்கங்களைப் பார்க்கவும் சொல்லித் தந்து, மெஷினை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மேல் இலக்கம் எதைத் தாண்டினால் ஆபத்து என்று நஸீமாவின் குளிசைப் பெட்டி மூடியில் பேனையால் எழுதி வைத்தார்.

பிள்ளையைச் சற்று முன்னதாகவே சிசேரியன் (வயிற்றைக் கீறி எடுப்பது) மூலம் எடுத்தார்கள். பெண் பிள்ளை. சிறியவள், ஆனால் அழுகை பெரியது. நான் அவள் காதில் பாங்கு (தொழுகைக்கு அழைக்கும் வாசகம்) சொன்னேன். கூச்சத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும், பெற்றவள் அறையை விட்டு வெளியே வராத நாற்பது நாள் இருப்பு. அறைவாசலில் திரை. உள்ளே நஸீமாவும் பிள்ளையும் மாமியும். வெளியே நான். பிள்ளை பிறந்துவிட்டதால் பிரஷர் போய்விடும் என்று நினைத்து மிஸ்ஸியை நிறுத்தப் பார்த்தோம். அவர், “புள்ள வெளிய வந்திட்டெண்டு பிரஷருக்கு ஆர் செல்லுறது?” என்றார். பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு அது ஏறலாம். அதனால் தொடர்ந்து வந்தார். கடுமையான தலையிடி, கண்ணில் மினுக்கம், விலாவுக்குக் கீழே நோவு, இவற்றில் ஒன்று வந்தாலும் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று திரைக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு மாமியிடம், “அப்படி வந்தா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“நஸீமாக்கிட்டச் செல்லி மருமகனுக்குச் செல்லச் செல்லுவன்.”

“நஸீமாவுக்கே ஏலாமப் போனா?”

இத்தனை காலம் இதை நாங்கள் யோசித்ததே இல்லை. இப்போதே ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார் மிஸ்ஸி. மாமி சிரித்துச் சமாளித்தார். “தேவ வந்தாக் கூப்பிடுவன்கா. இப்பச் சும்மா எப்படிக் கூப்பிடுற?”

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டேன். மிஸ்ஸி காலையில் வந்து போயிருந்தார். பிரஷர் கொஞ்சம் கூட, ஆனால் மூடியில் எழுதிய இலக்கத்துக்குள்தான். நான் மண்டபத்தில் பாயில் சாய்ந்திருந்தேன். அறைக்குள் நஸீமா தலையிடி என்று சொல்வது கேட்டது. மாமி நெற்றிக்கு ஏதோ அரைத்துப் பூசினார். வெயில் நாள், வெக்கை என்று நானும் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரைக்குக் கீழே மாமியின் கால்கள் தெரிந்தன. வந்து நின்றன. திரும்பிப் போயின. மறுபடி வந்து நின்றன. நான் எழுந்து உட்கார்ந்தேன். என்னவென்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. கால்கள் மறுபடி போயின. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடையில் ஒரு டயர் ஒட்டும் நேரம்கூட இருக்காது. ஆனால் அதைவிட நீண்ட நேரத்தை நான் அறிந்ததில்லை.

“மருமகன்.”

திரை விலகியது. மாமியின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன்.

“நஸீமாக்குக் கண்ணுல என்னமோ பறக்குதாம். என்னையத் தெரியிதில்லையாம். உள்ளுக்கு வாங்க.”

உள்ளே போனேன். பட்டியைச் சுற்றினேன். மாமி நஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மேல் இலக்கம் மூடியில் எழுதியிருந்ததைத் தாண்டி நின்றது. மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். “என்னோட கதைச்சிக்கொண்டு நிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்க, நான் அங்க வாறன்,” என்று வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ஓட்டோவில் நஸீமாவை என்மேல் சாய்த்துக்கொண்டேன். மாமி பிள்ளையோடு மறுபக்கம். வழி முழுக்க மாமி என்னிடம் கதைத்தார். “கழுத்தத் தாங்கிப் பிடிங்க மருமகன். அவக்கிட்டக் கதைச்சிக்கிட்டே இரிங்க.” நானும் “ஓம் மாமி, ஓம் மாமி,” என்றேன். பல வருட “ஓம் மாமி” எல்லாம் அந்த ஓட்டோவிலேயே தீர்ந்துபோனது.

மக்னீசியம் ஏற்றினார்கள் (வலிப்பு வராமல் தடுக்க நரம்பில் ஏற்றும் மருந்து). விறாந்தை வாங்கில் (பெஞ்சில்) நானும் மாமியும் இருந்தோம். மிஸ்ஸி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்த டொக்டர், “வலிப்பு வர முதல் கொண்டு வந்திட்டீங்க. இனிப் பயமில்ல,” என்றார். மாமி முந்தானையால் முகத்தை மூடி அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கண் முழுதாகத் தெளிய இரண்டு மூன்று நாள் ஆனது. ஒரு நாள் பார்க்க விடும் நேரத்தில் நானும் மாமியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, பிள்ளைக்குப் பால் காணுமா என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தோம். நஸீமா கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் மௌத்தாகிட்டனா?” (செத்துப்போனேனா) என்று கேட்டாள். “நீங்க ரெண்டு பேரும் கதைக்கிறீங்க.”

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இதை வாசிக்கும் என்னைப் போன்ற ஆண்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டுக்கு மிஸ்ஸி வந்தால் கேட்டடியில் நிற்காதீர்கள். உள்ளே இருங்கள். அறிகுறிகளை உங்கள் காதால் கேளுங்கள். நோயாளிக்கு ஏலாத நேரத்தில் வீட்டில் யார் யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே கதைத்து வையுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடேயே கதையுங்கள்.

மிஸ்ஸி இப்போது வருவதில்லை, தேவையில்லை. ஆனால் கடையில் பம்ப் காற்றை விடும் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடுகிறது. பட்டியிலிருந்து காற்று இறங்கும் அதே சத்தம். இலக்கம் தெரியும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற காலைகள் திரும்பி வருகின்றன. யாராவது கடைக்கு வந்தால் முதலில் அவர்கள் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். டயரைப் பிறகுதான் பார்க்கிறேன். நஸீமாவின் மோதிரம் இப்போது லேசாகச் சுற்றுகிறது. அவள் வுளூச் செய்யும்போது தண்ணீர்ச் சத்தம் ஒரு கணம் நிற்கும். அது மோதிரம் திரும்பும் நேரம். தண்ணீர் மறுபடி விழும் வரை நான் காது கொடுத்திருப்பேன்.

இதை எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டேன். பிள்ளை இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள். இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் சமைத்துக்கொண்டிருக்கும் மாமி குசினிக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்.

“மருமகன், எழுதினது காணும். புள்ள திரையப் புடிச்சி இழுக்கிறா, வந்து தூக்குங்க.”

ரஜப் பிறை இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.