நெல் காய்ந்த களமும் அம்மாவின் செருப்பும்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுதச் சொன்னார் அண்ணன். அம்மாவுக்கு ஏது பொறுமை? அவருக்கு இருந்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திருவிடைமருதூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது பாபநாசத்துக்குத் தெற்கே. கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர் உரிமையைப் பதிவுசெய்யச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சானபோது, நிலத்துக்காரர் பயந்துபோய், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த அப்பாவை வயலிலிருந்து இறக்கிவிட்டார். அந்த ஏக்கத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். நான் கைக்குழந்தை, அண்ணன் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அம்மா அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார்.

அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் கிண்டிக் காயவைக்கிற வேலை. உச்சி வெயிலில் களம் தோசைக்கல்தான். ஆனால் பெண்கள் ஆலைக்குள் செருப்புப் போடக் கூடாது. "நெல்லு லட்சுமி. செருப்புக் காலால மிதிக்கலாமா?" என்பார் முதலாளி. அவரும் கணக்குப்பிள்ளையும் மட்டும் செருப்போடு களத்தின் குறுக்கே நடப்பார்கள். அவர்களை லட்சுமி கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது!

ஒரு கோடையில் அம்மாவோடு வேலை பார்த்த பாக்கியம் அத்தைக்கு உள்ளங்கால் கொப்புளித்துவிட்டது. வலி தாங்காமல் செருப்போடு வந்தவரைக் கணக்குப்பிள்ளை வெளியே அனுப்பிவிட்டார். உடனே அம்மா மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு களத்தைவிட்டு இறங்கினார்.

"அக்காவ உள்ள விடுங்க. மத்தியானம் எங்கள நிழல்ல உக்கார விடுங்க. அப்பறம்தான் களத்துல கால வைப்போம்."

"அப்ப நீயும் வராத" என்றார் முதலாளி.

எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான். அம்மா பயந்துதான் இருந்திருப்பார். ஆனாலும் திரும்பிப் போய்க் கெஞ்சவில்லை.

தொழிலாளர் சங்கத்தார் முறையிட்டதால் லேபர் ஆபீசர் வந்தார். முதலாளி அறையில் மின்விசிறிக்கு அடியில் காபி குடித்துவிட்டு வந்து, "களம் அப்படி ஒண்ணும் சுடலைங்கறாங்களேம்மா" என்றார்.

அம்மா கைகூப்பினார். "சொல்றவங்க சொல்லட்டுங்க. நீங்க ஒரு நடை நடந்து பாத்துடுங்க ஐயா. ஆனா பூட்ஸ கழட்டிட்டு வாங்க. நெல்லு லட்சுமிங்க. எங்க மொதலாளி போட்ட சட்டம்."

ஆபீசர் கழற்றிவிட்டு இறங்கினார். பாதிக் களம்கூடத் தாண்டவில்லை, "ஐயையோ!" என்று குதித்து ஓடிவந்தார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் பாக்கியம் அத்தை. அம்மா அன்று சிரிக்கவில்லையாம். குடத்துத் தண்ணீரை எடுத்து ஆபீசர் காலில் ஊற்றினாராம்.

அதன்பிறகு நடுப்பகலில் ஓய்வு கிடைத்தது, கீற்றுக் கொட்டகை வந்தது. செருப்புப் போட்டுக்கொண்டே பலகையால் நெல்லைத் தள்ளினார்கள். அம்மாவுக்கும் பாக்கியம் அத்தைக்கும் வேலை நிலைத்தது. அந்த வேலையில்தான் நாங்கள் படித்தோம்.

கடைசி மாதங்களில் நடக்க முடியாமல் படுத்தபோதும் அம்மாவின் செருப்பு கட்டிலோரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் திட்டு விழும். அந்தத் திட்டுக்கு இப்போது ஏங்குகிறேன்.

அம்மாவைத் தாங்கிப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தெருப் பிள்ளைகளுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு பொங்கி அனுப்பிய கடைத்தெரு பாய் குடும்பத்தாருக்கும், கூடவே இருந்து அழுத பாக்கியம் அத்தைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அம்மாவை எடுத்த அன்று கொடும் வெயில். அந்தப் பழைய முதலாளியின் மகன் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடந்து வந்தார். அழுதுகொண்டிருந்த அண்ணன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோடு கொதிக்குது தம்பி, செருப்பப் போட்டுக்கங்க. அம்மா பாத்தா எங்களத்தான் திட்டுவாங்க."