மனைவி பாடிய சம்பா

ஒரு நாள் வேலை முடிந்து காரில் ஏறியதும் என் மனைவி சொன்னாள்:

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நான் சம்பா கேட்டனான்."

"ஏன், வீட்டில அரிசி முடிஞ்சுதோ?" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே தன் போனைக் காரின் ஸ்பீக்கரில் இணைத்தாள். முதலில் ஒரு கிற்றார். பிறகு ஒரு வயதானவரின் குரல். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அவள் இறங்கவில்லை. பாட்டு முடியும்வரை எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள்ளேயே இருந்தோம்.

பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஒரு கேக் தொழிற்சாலையில் பொதி செய்யும் வேலை அவளுக்கு. பக்கத்தில் நிற்பவள் ஒரு பிரேசில்காரி. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு கேட்பார்களாம். சம்பா என்பது பிரேசில் நாட்டு இசை. காரில் கேட்ட பாட்டைப் பாடியவர் பழைய சம்பாக் கலைஞர், இப்போது உயிரோடு இல்லை. இளம் வயதிலேயே பாட்டுக் கட்டியவர். அவற்றை மற்றவர்கள்தான் பாடிப் பேர் வாங்கினார்கள். அவர் தன் குரலில் இசைத்தட்டு வெளியிட்டபோது தலை நரைத்துவிட்டது. இதெல்லாம் அந்தப் பிரேசில்காரி சொன்ன கதை.

என் மனைவி ஊரில் முறையாகச் சங்கீதம் படித்தவள். இடம்பெயர்வும் அகதி வாழ்க்கையும் வந்தபோது அது விட்டுப்போனது. இங்கே வந்த பிறகு கோயிலில், கலியாண வீடுகளில் யாராவது கேட்டால், "தொண்டை போட்டுது" என்று சொல்லி விலகிவிடுவாள். உண்மையில் குரல் கெடவில்லை, தடித்திருந்தது. பழைய மேல் சுருதி எட்டுவதில்லை. அது எட்டாத குரல் குரலே இல்லை என்று அவளுக்கு எண்ணம். நானும் பல தடவை சொல்லிப் பார்த்துக் களைத்துவிட்டேன்.

அந்தக் கிழவரை ஒரு மாதம்போல் கேட்டிருப்போம். ஒரு காலை, பனி கொட்டிக்கொண்டிருந்தது, வாகனங்கள் நத்தையாய் நகர்ந்தன. அவள் திடீரென்று சொன்னாள்:

"இவருக்கும் மேல போகேல்லை, கவனிச்சனீங்களே? ஆனா போக வேண்டிய தேவையில்லை எண்ட மாதிரிப் பாடுறார்."

நான் பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயம்.

அன்றிலிருந்து அவள் அவரோடு சேர்ந்து முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒரு பாட்டின் போர்த்துக்கீசச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சில சொற்களை மூக்கால் சொல்ல வேண்டும். சமைக்கும்போதெல்லாம் அந்த மூக்குச் சத்தம்தான். தாளம் மட்டும் அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. தொடையில் கை தட்டிக்கொண்டே பாடினாள், சின்ன வயதில் பழகிய மாதிரி.

பிறகு பிரேசில்காரி எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு உணவகத்துக்கு அழைத்தாள். நடுவில் ஒரு நீள மேசை. அதைச் சுற்றி வாத்தியக்காரர்கள்: சின்னக் கிற்றார், பெரிய முரசு, எங்கள் கஞ்சிராவைப் போலவே ஒன்று. மேடை கிடையாது. சுற்றி நிற்பவர்களும் பாடுவார்கள். இரண்டு மூன்று பாட்டுக்குப் பிறகு பிரேசில்காரி என் மனைவியின் தோளைப் பிடித்து மேசைப் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு ஏலாது," என்று அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீர் பாடும்," என்றேன்.

பாடினாள். அவளுடைய தடித்த குரலில், அவசரமில்லாமல். கஞ்சிராக்காரர் நரைத்த மீசைக்காரர். அவள் தொடையில் தட்டுகிற கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தன் அடியை அதற்குப் பொருத்தினார். பல்லவி திரும்ப வந்தபோது முழுக் கடையும் சேர்ந்து பாடியது. அவள் முகம் மாறிவிட்டது. பிழை விட்டதை மறைக்கத்தான் சத்தமாகப் பாடுகிறார்கள் என்று நினைத்தாளாம்.

"இல்லை," என்று பிரேசில்காரி பிறகு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். "பிடிக்காட்டி எங்கட ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டு கதைச்சுக்கொண்டிருப்பினம்."

பாட்டு முடிய மீசைக்காரர் எழும்பி வந்து போர்த்துக்கீசத்தில் மளமளவென்று ஏதோ கேட்டார். இவளுக்கு அந்தப் பாட்டைத் தவிர மொழியே தெரியாது என்று பிரேசில்காரி சொல்ல, அவர் நம்பவில்லை. இன்னொன்று பாடச் சொன்னார். நான் முன்னால் போய், இவளுக்கு ஒரு பாட்டுத்தான் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன்.

"ஆர் சொன்னது?" என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு தெரியும்."

எனக்குத் தெரியாமல் வேலையிடத்தில் பழகியிருக்கிறாள். காரில் அவற்றை ஒரு தரமும் பாடிக் காட்டியதில்லை. இரண்டையும் பாடினாள். நான் கைதட்டவும் மறந்து நின்றேன். நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருந்தது.

திரும்பி வரும்போது நான் என் அண்ணைக்கும் அவளுடைய தங்கைக்கும் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். "காணும், விடுங்கோ," என்று அவள் சொன்னாள். ஆனால் போனைப் பறிக்கவில்லை.

இந்தக் கோடையில் யூனியன்வில்லில் ஒரு வீட்டு விழாவில் அவளைப் பாடக் கேட்டார்கள். கீபோர்ட் வாசித்த பிள்ளையிடம், "சுருதியைக் குறையும் தம்பி, இன்னும், இன்னும்," என்று தனக்குச் சரியான இடம் வரும்வரை இறக்கிவிட்டுத் தமிழில் பாடினாள்.

மாதம் ஒரு முறை இன்னும் அந்த உணவகத்துக்குப் போகிறோம். அவளுக்கு மேசையருகே ஒரு கதிரை இருக்கிறது. நான் பின்னால் சுவரோடு நிற்பேன். புதிதாக வருகிறவர்கள் யார் நீங்கள் என்று கேட்டால், முப்பது வருசமாய் இந்த நாட்டில் செய்த வேலை எதையும் சொல்வதில்லை. அந்தப் பாடுகிற பெண்ணின் கணவன் என்கிறேன்.