மைக் அண்ணனின் பாரம்

எங்கள் சபையில் 'பாரம்' என்றால் மூட்டை அல்ல. தூர தேசத்து மக்களை நினைத்து ஒருவருக்குக் கண்ணீர் வந்தால், "அவருக்கு அந்த தேசத்தைக் குறித்துப் பாரம் இருக்கிறது" என்போம். இது தெரியாத ஒரே உறுப்பினர் மைக் அண்ணன். வாரநாளில் மின்விசிறி ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை சபையின் மைக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரும். பிரசங்கத்தில் அவர் கவனிப்பது சத்தத்தை மட்டும்தான், சங்கதியை அல்ல.

ஆகவே வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு ஆள் சேர்த்தபோது, "பாரம் இருக்காண்ணே?" என்று பாஸ்டர் கேட்டதற்கு, "எவ்வளவு இருந்தாலும் தூக்கிருவேன் அய்யா. ஸ்பீக்கரையே தூக்குறவன்தானே?" என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் கண்டிப்பா வர்றார்" என்று அறிவித்துவிட்டார்.

சபை எடுத்த புகைப்படம் எதிலும் அண்ணன் கிடையாது. எப்போதும் மிக்சருக்குப் பின்னால்தான். முதல்முறையாக அவரையும் ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். விடுவாரா? "இப்பவே ரிப்பேர் பாத்துக்கிட்டாத்தான் உண்டு. அப்புறம் நான் நாட்டுல இருக்க மாட்டேன்" என்று சொல்லி, தெருவில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விசிறிகளையெல்லாம் கழற்றினார். போகிற ஊரில் குளிராம். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, முழு வேக விசிறிக்கு எதிரே உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்.

"குளிருதா?" என்றாள் மனைவி.

"வேர்க்குது."

"அப்போ பாஸ்தான்."

கேலி பேசிய அவளேதான் சக்கரம் வைத்த ஊதாப் பெட்டி வாங்கி வந்தாள். அண்ணன் அதை அடுப்படிக்கும் வாசலுக்குமாக உருட்டிப் பழகினார். விமான நிலையத்தில் சபையின் மானம் போகக்கூடாதல்லவா!

வழியனுப்பு ஆராதனை வந்தது. பயணப் பெட்டிகளை மேடைக்குக் கீழே ஜெபத்துக்கு வரிசையாக வைத்திருந்தார்கள். ஊதாப் பெட்டிதான் முன்னால். பாஸ்டர் பின்னறையில் காலர் மைக்கை மாட்டியிருந்தார். சபைக்குக் கேட்காமல் அடக்கி வைத்துவிட்டு, தன் ஹெட்ஃபோனில் மட்டும் சோதித்துப் பார்ப்பது அண்ணனின் வழக்கம். சோதித்தார். பாஸ்டர் தன் மருமகனோடு பேசுவது கேட்டது.

"மாப்ளே, மைக் அண்ணன் இடத்துல உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஊழியம் கீழியம்னு அலைய வேணாம், நல்லா சுத்திப் பாருங்க."

"அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா மாமா?"

"அப்பாவி மனுஷன். ஆண்டவர் சித்தம்னு சொன்னா ஆமென்னுட்டுப் போயிடுவார்."

ஒரு பொத்தானை மேலே தள்ளினால் போதும், சபை முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணனின் விரல் அதுவரை போனது. ஆனால் பாஸ்டரின் இருமலையும் ஏப்பத்தையும் இத்தனை வருஷம் மறைத்துப் பழகிய விரல் அது. தள்ளவில்லை.

பாஸ்டர் மேடையேறினார். "நம்ம மைக் அண்ணன் பாரத்தோட ஜெபிச்சு, தன் இடத்தை ஒரு வாலிபனுக்கு விட்டுக்கொடுத்துட்டார்! புதுப் பெட்டியையும் கொடுத்துட்டார்!" கைதட்டல் காதைப் பிளந்தது. அண்ணனின் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். "வாங்கண்ணே, ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

மைக்கில் "ஹலோ, செக்" தவிர வேறெதுவும் பேசியறியாதவர் மேடைக்குப் போனார்.

"ஹலோ. அய்யா, உங்க காலர் மைக் உள்ள மாப்பிள்ளைகிட்ட பேசும்போதே ஆன்ல இருந்துச்சு. சபைக்குக் கேக்காம நான்தான் அடக்கி வச்சிருந்தேன்."

சபை பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றது. பாஸ்டரின் கை தானாகக் காலருக்குப் போனது. மருமகனுக்குத் தன் ஷூ கயிற்றில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. அப்புறமும் மருமகன் போகத்தான் செய்தார். டிக்கெட்டை வீணாக்குவது பாவம்.

பெட்டி மட்டும் போகவில்லை. பாஸ்டரம்மா வந்து தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அண்ணனின் மனைவி கைப்பிடியை விடவில்லை. "பாரம் எங்களோடதும்மா. பெட்டியும் எங்ககூடவே இருக்கட்டும்."

இருவரும் அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். உள்ளே ஒரு ஸ்வெட்டரும் மாற்றுத்துணியும்தான். சக்கரமும் வைத்த பெட்டி. ஆனாலும் ஸ்பீக்கரைச் சளைக்காமல் தூக்கும் மனுஷன் வழியெல்லாம் கை மாற்றிக்கொண்டே போனார்.