விரிக்காத குடை

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கடையில் பார்த்த குடையைக் கையில் கொழுவியபடியே, மறதியில் காசு கட்டாமல் வெளியே வந்துவிட்டேன். காவலாளி பிடித்தார். திருட்டு வழக்கானது.

நீதிமன்றத்தில் இலவசமாக உதவும் சட்டத்தரணி ஒரு தமிழ்ப் பெண். "நீதிபதி கேட்டா, குற்றத்தை ஒத்துக்கொள்ளுறன் பிள்ளை. பெரிய மனிசரோட எதிர்த்துக் கதைக்கிறதோ?" என்றேன்.

"களவெடுத்தனீங்களோ, அன்ரி?"

"ஐயோ, இல்லை!"

"பிறகென்ன? களவெண்டு அவையள்தான் நிரூபிக்க வேணும். முதல்ல வீடியோவைப் பாப்பம்."

கடை வாசல் வீடியோவில் கொட்டும் மழை. குடை கையில் தொங்க, நான் தொப்பலாக நனைந்துகொண்டு போகிறேன். அரசுத் தரப்புச் சட்டத்தரணியே சிரித்துவிட்டார். வழக்கைக் கைவிட்டார்கள்.

மரியாதை என்று நினைத்து, செய்யாத களவை ஏற்கப் போனேனே! கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் செய்யாததைச் செய்தாயா என்று கேட்டால், யார் முன்னும் "இல்லை" என்கிறேன். மழை பெய்தால் குடையையும் விரிக்கிறேன்.