பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த சுந்தரியக்கா

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்று ஞானசுந்தரி அக்காவிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் அவர், "நீங்க சொல்றது சரிதானுங்க தம்பி" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதைப் பழையபடி பெட்ஷீட்டில் கட்டி நாகலூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்காமல் போனவர்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் திரும்பி வந்து தலையைச் சொறிவார்கள். இந்த அம்மாவிடம் தலையைச் சொறிந்தது நான்தான்.

முப்பத்தோரு வருஷம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர் சுந்தரியக்கா. காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வருகை எழுதுவது அவர் வேலை. மைக் இல்லாமலே அடுத்த மேடுவரை கேட்கும் குரல். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவரும் அவர்தான். பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறவர்கள்கூட அவர் வாசித்து முடிக்கும்வரை முழித்திருப்பார்கள். ஓய்வு பெற்றபோது எஸ்டேட்டில் ஒரு சால்வையும், ஆபீஸில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரையும் கொடுத்து அனுப்பினார்கள். அதன் நினைவகம் இரண்டு ஜிபி. இன்றைக்குக் கையில் இருக்கிற சாதாரண போனில் அதைவிட அதிகம் இருக்கும்.

அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஓர் அரசு வேலைத் தேர்வின் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வாழவந்தியிலிருந்து வந்திருந்த கீர்த்திகா என்ற பெண், அதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பி.ஏ. முடித்தவள். ஒருவர் முதல் வரியைப் படித்தார், இன்னொருவர் கடைசி தேதியைச் சொன்னார், அதற்குள் அவர்களுக்குப் பஸ் வந்துவிட்டது. சுந்தரியக்கா தன் பஸ்ஸை விட்டுவிட்டு, மேலிருந்து கீழே அச்சகத்தின் பெயர்வரை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். கேட்டு முடித்த கீர்த்திகா, "இதே மாதிரி ஒரு பொஸ்தகம் படிச்சுத் தருவீங்களாங்க அக்கா?" என்றாள்.

ஒரு புத்தகம் என்று ஆரம்பித்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வரலாறு, குடிமையியல், அறிவியல் என்று நீண்டுபோனது. அக்கா விடியற்காலையில் முதல் பஸ் ஹாரன் அடிப்பதற்குள் இரண்டு பாடம் படித்துப் பதிவு செய்துவிடுவார். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவு கிடையாது. கீர்த்திகா வழியாக விஷயம் பரவி, ஆத்தூர், ஓமலூர், தருமபுரி என்று பதினான்கு பேர் ஆகிவிட்டார்கள். எல்லோரும் பார்வையில்லாதவர்கள், எல்லோரும் தேர்வுக்குப் படிப்பவர்கள். கீர்த்திகா இரண்டு முறை எழுதிச் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தாள். இந்த முறையும் போனால் படித்தது போதும், வீட்டோடு இரு என்று அவள் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

படிப்பது சுலபம், போய்ச் சேர்ப்பதுதான் பாடு. முதலில் பென்டிரைவில் போட்டு பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்து அனுப்பினார். எங்கள் மலையில் மாத்திரையும் மல்லித்தழையும் போகிற வழி அதுதான். ஒரு பென்டிரைவ் அடிவாரம் தாண்டி எங்கேயோ காணாமல் போனது, இன்னொன்று ஊரில் உள்ள வைரஸ் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. போனில் அனுப்பினால் வாங்குகிறவர்களின் போன் நிறைந்து நின்றுபோனது. இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிற இடம் ஒன்பதாம் வகுப்போடு தீர்ந்தது. அப்போதுதான் கடைக்கு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நேராக எல்லோருக்கும் அனுப்ப ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அனுப்பும். வாங்கியவர் தன்னிடம் வந்த துண்டுகளை அடுத்தவருக்குக் கொடுப்பார். எனக்கு அது எப்படித் தெரியும் என்பது எனக்கும் புதுப் படங்களுக்கும் நடுவில் உள்ள விஷயம். கொஞ்சம் சங்கடத்தோடுதான், அது திருட்டுப் படம் இறக்குகிற வழியாயிற்றே என்று இழுத்தேன். அக்கா யோசிக்கவே இல்லை. "அந்த ரோட்டுல திருடனும் போவான், பாதிரியாரும் போவாரு. நாம நம்ம பாடத்தை அனுப்புவோமுங்க தம்பி" என்றார்.

அந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர்களில் பார்க்க அழகானது எதுவோ அதைப் போட்டுக் கொடுத்தேன். கலர் கலராகப் படம் ஓடும், ஓரத்தில் விளம்பரம் மினுக்கும். நாலாம் நாள் பெட்ஷீட் மூட்டையோடு வந்துவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பதிவு செய்த பாடம் முழுக்கத் திக்கித் திக்கி வந்தது. "முப்பத்தோரு வருஷம் பேர் கூப்பிட்டிருக்கேன், ஒரு நா திக்குனதில்லீங்க" என்றார். கோபம் அவர் குரலில் துளியும் இல்லை, அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டரை மாற்றுங்கள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னேன். அது மூன்றாவது தடவை.

அதற்குப் பிறகு அவர் என்னை நம்பவில்லை, தானே இறங்கிவிட்டார். ஐந்தாறு சாஃப்ட்வேர்களை இறக்கி ஒவ்வொன்றாகப் பரீட்சை வைத்தார். எந்தக் கடைக்காரனும் வைக்காத பரீட்சை. சித்திரை, வைகாசியில் எங்கள் மலையில் முதல் இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லோரும் ஓடிப்போய் டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்காமல் விட்டு டிவியைப் பறிகொடுத்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஆகவே அக்கா, அனுப்புவது பாதியில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கைப் பிடுங்குவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி சொருகுவார். மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் அந்த சாஃப்ட்வேருக்கு அன்றோடு விடை கொடுத்துவிடுவார். இப்படி நாளைக்கு ஏழெட்டு முறை பிடுங்கியிருக்கிறார். நான் கேள்விப்பட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் மட்டும் கல் மாதிரி இருந்தது.

கடைசியில் ஒன்று தேறியது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, பதிவையும் கெடுக்கவில்லை. பதினான்கு பேருக்கும் அதையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் கடைக்கு வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தான் தேர்ந்தெடுத்த விதத்தை அரைமணி நேரம் விளக்கினார். பெருமை பிடிபடவில்லை. நானும் மனசுக்குள் ஒத்துக்கொண்டு வெளியே உம் கொட்டினேன்.

ஆனால் ஒன்பது நாளாகக் கீர்த்திகாவுக்குப் பாடம் போகவில்லை. கேட்டால், நெட் சரியில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பினாள். அக்காவுக்கு மனசு கேட்காமல் பஸ் ஏறி வாழவந்திக்கே போய்விட்டார். கீர்த்திகாவின் லேப்டாப்பில் திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் வசதி உண்டு. அவள் ஒன்றும் விளக்காமல் கீபோர்டைத் தட்டித் தட்டிக் கேட்க வைத்தாள். பட்டன் என்றது. மறுபடி பட்டன் என்றது. அக்கா அத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேரில் ஒரு பட்டனுக்கும் பெயர் வைத்திருக்கவில்லை. கண் தெரிந்தவர்களுக்குப் படம் இருக்கிறது, இவளுக்கு எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரிய வழியே இல்லை. மற்றவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்து அழுத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்கக்கா. அதுதான் சொல்ல வாய் வரலீங்க" என்றாளாம் கீர்த்திகா.

அன்று மாலை கடைக்கு வந்தபோது அக்காவின் முகம் வாடிப்போயிருந்தது. தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது. தன் பெருமையை அந்தப் பெண் ஒன்பது நாள் சுமந்துகொண்டிருந்தாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. கீர்த்திகா வைத்திருக்கிற அந்தப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேரைத் தன் கம்ப்யூட்டரிலும் போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் மானிட்டரை அணைத்துத் துணி போட்டு மூடிவிட்டு, மவுஸையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வெறும் கீபோர்டும் காதும்தான். முதல் நாள் ஒன்றை நிறுவவே மதியம் ஆனது. கீர்த்திகா போனில் இருந்துகொண்டு, அடுத்து டேப் கீ, இப்போது எண்டர் என்று சொல்லிக்கொடுத்தாள். பிடுங்குகிற பரீட்சையும் ஒரு பக்கம் நடந்தது. ஐந்தாம் நாள் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறத்தில் பழைய ஆபீஸ் ஃபாரம் போல இருக்கும், கம்ப்யூட்டரில் அது பிடிக்கிற இடம் மொத்தமே ஒரு போட்டோ அளவுதான். ஆனால் ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொன்னது. இந்த முறை அக்கா முடிவு சொல்லவில்லை, கீர்த்திகா சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குச் சொன்னார். கடைக்கு வந்து எனக்குக் காட்டினபோது, இவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் யாருக்கும் போட்டுக் கொடுத்திருக்க மாட்டேன் என்றேன். "உங்களுக்காக எடுக்கலீங்க தம்பி" என்றார்.

கடைசிப் பாடங்கள் தேர்வு வாரத்தின் புதன்கிழமைதான் முடிந்தன. பதினொரு பாடம், எல்லாம் தமிழக நிர்வாகம் பற்றியவை. கீர்த்திகா போன முறை கோட்டைவிட்டது அந்தப் பகுதியில்தான். ஞாயிறு காலை தேர்வு. புதன் சாயங்காலம் அனுப்ப ஆரம்பித்தார். வாழவந்தியில் மரம் விழுந்து வியாழன் முழுக்கக் கரண்ட் இல்லை. வெள்ளி மத்தியானம் அங்கே கரண்ட் வந்தது, இங்கே நாகலூரில் இடி ஆரம்பித்தது. அக்கா பிளக்கைப் பிடுங்கினார், கொஞ்ச நேரத்தில் ஊர் மொத்தமும் கரண்ட் போய், டவரும் படுத்துவிட்டது. கீர்த்திகாவுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்கக்கூட வழியில்லை.

சனிக்கிழமை காலை என் கடை திறந்ததும் அக்கா நின்றுகொண்டிருந்தார், பெட்ஷீட் மூட்டையோடு. கோடை விழாக் கூட்டத்தில் ரோடு அடைத்துக்கொண்டு வாழவந்திப் பக்கம் பஸ் போகவில்லை. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வரலாம் என்றால் எடுக்க வீட்டில் கரண்ட் இல்லை. ஆகவே பெட்டியையே தூக்கி வந்துவிட்டார். என் கடையிலும் கரண்ட் இல்லை.

"அந்தப் புள்ள ஒக்காந்து காத்துக்கிட்டிருக்குமுங்க தம்பி. வண்டிய எடுங்க" என்றார்.

எடுத்தேன். பின்சீட்டில் அக்கா, அக்கா மடியில் கம்ப்யூட்டர், அதற்கு என் மழைக்கோட்டு. சுற்றுலாக் கார்களுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து, ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அக்கா ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தது என் முதுகில் மூச்சாகத் தெரிந்தது. எனக்கும் பயம்தான். ஒரு பெண்ணின் மூன்று வருஷப் படிப்பு ஒரு குண்டும் குழியுமான ரோட்டில் என் கையில் இருந்தது.

கீர்த்திகா உள்ளறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ராசம்மாள் தோளைத் தட்டிய பிறகுதான் நாங்கள் வந்தது தெரிந்தது. அக்கா மூச்சு வாங்க, கரண்ட் போனதையும் டவர் போனதையும் பெட்டியைக் கொண்டுவந்ததையும் வரிசையாகச் சொன்னார். கீர்த்திகா முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு நேத்து சாயங்காலமே வந்துருச்சுங்களே அக்கா, பதினொண்ணும். உங்க ஊட்டுலிருந்து பாதிதான் வந்துச்சு. மீதிய ஆத்தூர் ரஞ்சித் அண்ணன் மெஷினும் தருமபுரிக்காரங்க மெஷினும் குடுத்துருச்சுங்க. இப்ப எங்கிட்டயிருந்து நாலு பேருக்குப் போய்க்கிட்டிருக்குது."

நான் அந்த வேலையை வருஷக்கணக்காகப் பார்த்தவன். துண்டு துண்டாகப் போகும், ஒருவர் விட்டதை இன்னொருவர் கொடுப்பார் என்று வாயால் சொன்னவனும் நான்தான். இருந்தும் வழியெல்லாம் எனக்கு அது தோன்றவே இல்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. மடியில் பெட்டியை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கரண்ட் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் குரல் அவரைக் கேட்காமலே ஆத்தூரிலிருந்து மலையேறி வந்திருந்தது.

"ஏழாவது பாடத்துல ஒரு வருஷத்தை மாத்திப் படிச்சிட்டீங்கக்கா" என்றாள் கீர்த்திகா. அக்கா பதறிப்போய், இப்போதே திருத்திப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன் என்று மூட்டையை அவிழ்க்கப் போனார். வேண்டாம், வீட்டில் உள்ளவர்களைப் புத்தகத்தில் சரிபார்க்கச் சொல்லி, சரியான வருஷத்தை மற்ற எல்லோருக்கும் காலையிலேயே சொல்லிவிட்டதாகக் கீர்த்திகா சொன்னாள். ராசம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் இரண்டு வாய் குடிப்பதற்குள் அந்தப் பெண்ணின் கை ஹெட்போனைத் தேட ஆரம்பித்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இன்னும் ரெண்டு தடவ கேக்கோணும். நீங்க கெளம்புறீங்களா?"

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அக்கா சங்கடப்பட்டிருப்பார், ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா தம்பி," என்றார். "என்னையே போகச் சொல்லிட்டா."