மங்கலம் வெளியூர் கிளம்பினாள்

பெண்ணாடத்தில் மங்கலம் என்று சொன்னால், "முட்டிவலிக்கார அம்மாவா?" என்று கேட்பார்கள். ஐந்து வருஷமாக அவள் எந்தக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போனதில்லை. யார் பத்திரிகை கொண்டு வந்தாலும், "முட்டி வலிக்குது, பஸ்ஸுல குந்த முடியல" என்பதுதான் பதில். உண்மையில் அவள் முட்டிக்கு ஒன்றுமில்லை.

2004 ஆவணியில் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அவளால் சிறுநீரை அடக்க முடியவில்லை. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. தும்மினால் சிந்துவது முன்பே உண்டு. அன்றைக்குச் சேலை முழுக்க நனைந்துவிட்டது. தன் ஊரில் இறங்காமல், பஸ் காலியாகும் வரை உட்கார்ந்திருந்து, கரும்புக் கொல்லை வழியாக நடந்தே வீடு வந்தாள். அதன்பிறகு பஸ் ஏறவில்லை. புருஷனிடமும் முட்டிவலி என்றே சொன்னாள்.

புருஷன் சக்கரபாணி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர். அரவைக் காலத்தில் அவர் வீட்டில் தங்குவதே அபூர்வம். 2008இல் லாரியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தபோதுதான், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தினமும் பழந்துணிகள் காய்வதைக் கவனித்தார். கேட்டதற்கு மழுப்பினாள். மறுநாளும் கேட்டார். அடுப்பைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"இதப் போயி யாருகிட்ட காட்டறது? வயசாச்சுன்னா இப்புடித்தான். உடுங்க."

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் ஒன்று ஓட்டிக் கழித்த பழைய வேனைச் சக்கரபாணி கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்திருந்தார். சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், கடைசியில் கனமான திரைச்சீலை. திரைக்குப் பின்னால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, அடியில் மூடி போட்ட வாளி.

"என்னா மாமா, வண்டியிலயே குடித்தனமா?" என்று தெருவில் கேட்டார்கள்.

"ஆமாம்டா. ஊரு சுத்தப் போறோம்."

மங்கலம் திரையை விலக்கிப் பார்த்தாள். பிறகு கட்டில் பலகையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

2009 மாசியில் ஒரு விடியற்காலை கிளம்பினார்கள். முதலில் சிதம்பரம், பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மங்கலத்தின் தங்கை புஷ்பவள்ளி வீடு. அங்கே போவதற்குத்தான் மங்கலத்துக்குப் பயம். சுனாமி வந்தபோது ஊரே ஓடிப்போய்த் தங்கையை விசாரித்தது, இவள் போகவில்லை. 2007இல் தங்கை மகள் எழிலரசி கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு புஷ்பவள்ளி போன் பண்ணுவதையே நிறுத்திவிட்டாள்.

சிதம்பரத்தில் கீழ வீதியில் வண்டியை நிறுத்தினார் சக்கரபாணி. மங்கலம் கோயிலுக்குள் போய் நடராசரைக் கும்பிட்டுவிட்டு, வேகவேகமாக வண்டிக்குத் திரும்பினாள். திரைக்குப் பின்னால் போய் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"ஏங்க, கொளத்த சரியாவே பாக்கல. இன்னொருவாட்டி போயிட்டு வரட்டுமா?"

"போயேன். யாரு வேணாங்கறா?"

இரண்டாம் முறை போனவள் சிவகங்கைக் குளத்துப் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொஸ்தும் சாப்பிட்டார்கள். வெளியூர் என்றால் முதல் நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவள், அன்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆனால் ஆலப்பாக்கம் தாண்டியதும், "திரும்பிடலாங்க" என்றாள்.

"ஏன்?"

"அவ மூஞ்சியில எப்புடி முழிக்கறது?"

"வண்டிய வாசல்லயே நிறுத்தறேன். உனுக்குப் புடிக்கலன்னா கண்ணக் காட்டு. ஹாரன் அடிக்கறேன், வந்து ஏறிக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி திரும்பவில்லை.

புஷ்பவள்ளி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்று சக்கரபாணியை மட்டும் கூப்பிட்டாள். அவள் புருஷன் மணிவண்ணன்தான், "உள்ள வாங்க அண்ணி" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். மங்கலம் உட்காரவில்லை. புஷ்பவள்ளி வாசல் வேனைப் பார்த்தபடி பேசினாள்.

"பரவால்ல. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வரதுக்குத்தான் முட்டி வலி. ஊரு சுத்தறதுக்கு தனி வண்டியே வந்துருச்சு. அக்காவுக்கு நாங்கதான் ஆவல."

சக்கரபாணி எழுந்தார். மங்கலம் அவரைப் பார்க்கவே இல்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினாள், கதவைச் சாத்தினாள், திரையை விலக்கிக் காட்டினாள்.

"இது இல்லாம என்னால எங்கியும் போவ முடியாதுடி. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பஸ்ஸில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பவள்ளி நாற்காலியைப் பார்த்தபடி பலகையில் உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"தும்முனாலும் வருதா?"

"தும்முனா, இருமுனா, சிரிச்சாகூட."

"எனுக்கும் இருந்துச்சுக்கா. கொடத்தத் தூக்கவே பயப்படுவேன். இங்க ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். கர்ப்பப்பை எறங்கியிருக்குன்னாங்க. ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆவுது. இப்ப ஒண்ணும் இல்ல."

மங்கலம் அவளையே பார்த்தாள். "இதுக்கு வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்."

"இத நீ ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் வரவே இல்லியே. போன்ல பேசற விசயமா இது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு நிற்காமல் மங்கலம் திரைக்குப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. அதைக் கண்டு புஷ்பவள்ளி இன்னும் சிரித்தாள். வாசலில் நின்ற இரண்டு ஆண்களுக்கும் உள்ளே சண்டையா, அழுகையா என்று புரியவில்லை.

சாயங்காலம் நால்வரும் அதே வேனில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். சுனாமி அலை வாரிக்கொண்டு போன இடத்தில் புதிதாகக் கடைகள் வந்திருந்தன. அந்த டிசம்பர் மாதம் தங்கள் வீட்டில் பதினாறு பேரைத் தங்க வைத்துச் சோறு போட்டதைப் புஷ்பவள்ளி சொல்லச் சொல்ல, மங்கலம் சுண்டலைத் தின்ன மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மணலில் நெடுந்தூரம் நடந்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இது சரிபண்ணக்கூடியதுதான் என்றார். முதலில் மூன்று மாதம் சிறுநீரை அடக்கும் தசைகளுக்குப் பயிற்சி செய்யச் சொன்னார், போதாவிட்டால் ஆபரேஷன். ஐப்பசியில் ஆபரேஷனும் நடந்தது. முழுக்கக் குணம் என்று சொல்ல முடியாது, கடும் இருமல் வந்தால் இன்னும் கொஞ்சம் பயம்தான். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் துணி காய்வது நின்றுபோனது.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கே மத்தியானம், எழிலரசி கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். வந்ததும் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பெரியம்மா மடியில் வைத்தாள். மங்கலம் ஒரு பக்கத்தையும் விடவில்லை. இது யார், இந்தச் சேலை எங்கே எடுத்தது, சாப்பாட்டில் என்ன போட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். பாதி ஆல்பம் முடிவதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது.

"கெளம்பலாமா?" என்று சக்கரபாணி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"நீங்க போயி மாட்டப் பாருங்க," என்றாள் மங்கலம், தலையைத் தூக்காமலே. "நான் நாலு நாளு இருந்துட்டு வரேன்."