தோலக்கா கொண்டுவந்த ஜின்

வேலை செய்யும் இடத்தில் அவளைத் தோலக்கா என்றால்தான் தெரியும். ஆரஞ்சுப் பழத்தின் தோலை, உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டாமல் மெல்லிசாகச் சீவி எடுப்பது அவள் வேலை. வெள்ளை ஒட்டினால் ஜின் என்ற அந்தச் சீமைச் சாராயம் கசந்துவிடுமாம். அதற்கென்று முதலாளி ஒரு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். அவள் அதை ஒரு நாள் தொட்டுப் பார்த்தாள். அதோடு சரி, அது மூலையில் தூங்குகிறது.

பழைய அச்சகக் கட்டடத்தில் ஒரு செம்புக் கொதிகலனை நிறுத்தி, உள்ளூரிலேயே ஜின் தயாரிக்கப்போகிறேன் என்று அந்த மனிதர் கிளம்பியபோது தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட ஜின்னைக் கண்ணால் பார்த்ததில்லை. இவளும்தான். "போயும் போயும் சாராயம் காய்ச்சுற இடத்துக்கா?" என்று அவள் அக்கா மூக்கால் அழுதாள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவர் சம்பளம் பாதியாகிவிட்டிருந்தது.

அவள் கணவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்த்தவர். உள்ளே ரொட்டி வெந்துவிட்டதா என்பதை அவர் மூக்குதான் சொல்லும். போன வருஷம் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். காயம் ஆறியது. வாசனை போனது போனதுதான். சோப்பும் சாம்பாரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வாசனை போனதும் ருசியும் முக்கால்வாசி போய்விட்டது. நரம்பு அறுந்திருக்கலாம், வந்தால் வரும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அடுப்படியில் ராஜா மாதிரி நின்ற மனுஷனைக் கடைக்காரர் முன்பக்கம் அனுப்பி, ரொட்டியைக் காகிதப் பையில் போட்டு மடிக்க வைத்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. "அடியே, பால் தீயுது பாரு!"

அவள் ஓடிவந்து அடுப்பை அணைக்கவில்லை, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வாசனை வந்துவிட்டது! அக்காவுக்குப் போன் போட்டாள், எதிர்வீட்டுக்குச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் அவள் சமையலை வாய் நிறையப் புகழ்ந்தார். ஆனால், அடுப்பு வேலையைத் திரும்பக் கேளுங்கள் என்றால் மட்டும், "கேக்கலாம், கேக்கலாம்" என்று நழுவினார். பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் தானே போய்க் கடைக்காரரைக் கேட்டுவிட்டாள். திங்கட்கிழமை முதல் அடுப்புக்கு வரச் சொன்னார் அவர். விஷயத்தைக் கேட்டதும் கணவர் எழுந்து முகம் கழுவப் போனார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

அந்தச் சனிக்கிழமை முதல் ஜின் பாட்டிலில் இறங்கியது. முதலாளி போனைக் காதில் வைத்தபடியே, "தோலக்கா, உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க" என்று அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். அவள் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் இரண்டு டம்ளரில் ஊற்றி, முதலாளி சொன்னபடி சோடா கலந்தாள். அவளுக்குத் தனியாக வாசனை எதுவும் தெரியவில்லை. நாள் முழுக்க அதிலேயே புழங்கியதில் அவள் கை, தலைமுடி, சேலை எல்லாமே அந்த வாசனையாகத்தான் இருந்தன.

அவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிங்க இருக்கு?"

"முதல்ல நீ தினம் சொல்லுவியே, அந்த ஜூனிபர் பழம் வருது. மரம் அறுக்கிற இடத்துல அடிக்குமே, அது மாதிரி. அப்புறம் மல்லி விதை. கடைசியா உன் ஆரஞ்சு. அது தனியா நிக்குதுடி!"

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள். வெறும் சோடா. பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துப் பார்த்தாள். குழாய்த் தண்ணீர். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைக்க அவளே புதன்கிழமை தண்ணீர் பிடித்து, மூடி போட்டு, லேபிள் ஒட்டிய பாட்டில்!

"ஐயோ, என்னங்க, இது தண்ணிங்க!" என்று அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்போ மறுபடி போச்சு?" என்று கேட்டாள்.

"வரவே இல்லடி."

"அப்போ அந்தப் பால்?"

"புகையைப் பார்த்தேன். நீ கட்டிக்கிட்டு அழுத. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். விடிஞ்சா உங்க அக்கா ஸ்வீட்டோட வந்து நிக்கிறா."

"திங்கக்கிழமை என்ன பண்றதா இருந்தீங்க?"

"கடிகாரத்தை வச்சு எப்படியாவது சமாளிச்சுரலாம்னு..."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது அவள் மேலேயே திரும்பியது. தினமும் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று இந்த மனுஷனைத் துளைத்து எடுத்திருக்கிறாளே!

திங்கட்கிழமை அவரே கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, காகிதப் பைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் கதையைக் கேட்ட அவள் முதலாளி விழுந்து விழுந்து சிரித்து அவளுக்கு வேறு பாட்டில் கொடுத்தார். அது வீட்டில் மூடி திறக்காமலே கிடந்தது. ஒரு நாள் அவரே அதை எடுத்து வந்து ஊற்றினார். சோடா வேண்டாம் என்றுவிட்டார்.

குடித்ததும் இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எரியுது. கொஞ்சம் கசக்குது. அவ்வளவுதான். நீ குடிச்சுட்டுச் சொல்லு."

அவள் குடித்தாள். காடு மாதிரி ஒரு வாசனை எழுந்தது, பின்னால் மல்லி வந்தது, எல்லாம் அடங்கியபின் ஆரஞ்சு நாக்கிலேயே நின்றது. அவள் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் எரியுதுங்க. அப்படி ஒண்ணும் பிரமாதமில்ல" என்றாள்.

"வேணாம்டி" என்றார் அவர். "நீயும் ஆரம்பிக்காத."